பிரேக்கை ஒன்பதில் வைத்தவள்

ரத்த வங்கியில் எல்லோரும் அவளை அவசரம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. "அவசரம், வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டு ஒரு நாளைக்கு நாற்பது தடவை நடைபாதையைக் கடக்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தாள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்விடுவாள்.

நான் அங்கே மூத்த செவிலி. ரத்தம் கொடுக்க வருகிறவர்களைப் படுக்க வைத்து ஊசி போடுவது, பை நிரம்பியதும் எழுப்பி உட்கார வைப்பது, மயங்கினால் காலைத் தூக்கிப் பிடிப்பது என் வேலை. எடுத்த ரத்தத்தைப் பிரிப்பது அவள் வேலை. என் அறை மேலே, அவள் அறை தரைக்குக் கீழே. நடுவில் ஒரு சரிவுப் பாதை. அதில் பைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோகிறவரை வண்டி அண்ணன் என்போம்.

அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஒல்லி. நின்றால் குதிகால் தரையில் படாது. பேசிக்கொண்டிருக்கும்போதே என் மேசைப் பேனாக்களை வரிசையாக அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்குவாள். டீ ஆறும்வரை பொறுத்ததில்லை. நாக்கைச் சுட்டுக்கொண்டு, டீ போட்டவரைத் திட்டிக்கொண்டே குடிப்பாள். லிஃப்டுக்குக் காத்திருக்க முடியாமல் மூன்று மாடி படியேறிப் போய், லிஃப்டில் வந்து இறங்குகிறவர்களை அங்கே நின்று வரவேற்பாள். வேலையில் கெட்டிக்காரி. கை சுத்தம். ஒரு சீட்டு மாறி ஒட்டினாள் என்று யாரும் சொன்னதில்லை.

அவள் வீட்டுக்கும் நான் போவதுண்டு. இரண்டாவது மாடியில் இரண்டு அறை. முன்னறையில் கணவரின் தையல் இயந்திரம். ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதில் மாமியார். இடுப்பு மூட்டு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசும் நிலை. எழுந்து நான்கடி வைக்க இரண்டு பேர் தாங்க வேண்டும். எப்படித் தாங்குவது, எங்கே கையைக் கொடுப்பது என்று மகனுக்கும் மருமகளுக்கும் நான்தான் பழக்கிக் கொடுத்தேன். மகன் ஒரே நாளில் கற்றுக்கொண்டார். மருமகள் ஒரே நிமிடத்தில் கற்றுக்கொண்டு மாமியாரைத் தூக்கிய வேகத்தில் அவர் அலறியது தெருவுக்குக் கேட்டது.

"இந்த வீட்டுல ஃபேன்கூடத் தானா நின்னது கிடையாது சிஸ்டர்," என்றார் கணவர் ஒருநாள். சுவிட்சை அணைத்த கையோடு துடைப்பத்தின் பிடியை நீட்டி இறக்கையைத் தடுத்து நிறுத்திவிட்டுத்தான் தூசி துடைப்பாளாம்.

"நீங்க மட்டும் என்னவாம்," என்றாள் அவள். "மெஷின் சக்கரத்தக் கையாலதான புடிச்சு நிறுத்துறீங்க."

"அது தொழில்டி."

"இதுவும் தொழில்தான்."

மாமியார் நாற்காலியிலிருந்தபடியே தன் பங்கைச் சேர்த்தார். தூக்கத்திலும் மருமகளுக்குக் கால் ஆடுமாம். மகன் தலையணையை எடுத்துக்கொண்டு போய்த் தையல் இயந்திரத்துக்குக் கீழே படுத்துக்கொள்கிறானாம். சொல்லிவிட்டு மாமியாரும் மருமகளும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த வீட்டில் சண்டை நடந்து நான் பார்த்ததில்லை. சண்டை முற்றும்வரை அவளுக்குப் பொறுமை கிடையாது.

எட்டு வருடமாக அவள் தற்காலிக ஊழியர். நிரந்தர ஊழியரின் குடும்பத்துக்கு எங்கள் மருத்துவமனையிலேயே அறுவை செய்துவிடுவார்கள். தற்காலிகத்துக்கு அந்தச் சலுகை இல்லை. வெளியே செய்துகொள்கிற வசதி தையல்காரருக்கு இல்லை. அந்த வருடம் அவளை நிரந்தரமாக்கும் கோப்பு நகர்ந்திருந்தது. ரத்த வங்கி டாக்டரின் பரிந்துரைக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மாமியார் எழுந்து நடப்பது அந்தக் கையெழுத்தில் இருந்தது. மாலையில் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் கேட்கமாட்டார், முகத்தைப் பார்ப்பார். கணவர் தையலை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே "இன்னும் இல்ல" என்பாள்.

இயந்திரத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பார்ப்பதற்குப் பெரிய துணி துவைக்கும் இயந்திரம் போல இருக்கும். உள்ளே நடுவில் ஓர் அச்சு. அதிலிருந்து ஆறு கைகள் நீண்டிருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஓர் உலோக வாளி தொங்கும். வாளிக்குள் ரத்தப் பையை நிறுத்தி, எதிரெதிர் வாளிகளை ஒரே எடையாக்கி, மூடியைப் பூட்டி ஓட்டினால் வாளிகள் எழும்பிப் படுத்தபடி சுற்றும். பையில் கனமான சிவப்பு அணுக்கள் அடிக்குப் போகும். மேலே மஞ்சள் நீர் தெளியும். ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்கள் அந்த மஞ்சளில் இருக்கும். சுற்று நின்றதும் பையை அசைக்காமல் எடுத்து, மெல்ல அழுத்தி, மஞ்சளை மட்டும் இணைப்புக் குழாய் வழியாக அடுத்த பைக்குத் தள்ள வேண்டும். சிவப்பு கலந்துவிட்டால் அந்தப் பை யாருக்கும் ஆகாது.

பழைய இயந்திரம் போய்ப் புதியது வந்தபோது பெரிய யோசனை நடந்தது. புதியதன் கைகள் நீளம். அச்சுக்குப் பக்கத்தில் இருப்பதும் நுனியில் இருப்பதும் ஒரு சுற்றை ஒரே நேரத்தில்தான் முடிக்கும், ஆனால் நுனியில் இருப்பது அதற்குள் அதிக தூரம் ஓட வேண்டும், அதிகமாக வெளியே இழுபடும். அதனால் பழைய வேகம் புதியதற்கு ஒத்துவராது. டாக்டர் கணக்குப் போட்டு, பிளேட்லெட்டுக்கு நிமிடத்துக்கு ஆயிரத்தெண்ணூறு சுற்று, ஏழு நிமிடம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். வேகத்தைப் பற்றி அவ்வளவு பேரும் அவ்வளவு யோசித்ததால்தான் மற்றதை ஒருவரும் யோசிக்கவில்லை.

பழையதில் பிரேக் கிடையாது. ஓட்டம் முடிந்து மின்சாரம் நின்ற பிறகும் அச்சு தன்பாட்டுக்குச் சுற்றிச் சுற்றித் தளர்ந்து நிற்கப் பதினொரு நிமிடம் ஆகும். ஓடுவது ஏழு, நிற்பது பதினொன்று. அந்தப் பதினொரு நிமிடத்தில் அவள் கழுவின குழாய்களை மறுபடி கழுவுவாள், தரையில் இல்லாத கறையைத் தேய்ப்பாள், மேலே ஓடி வந்து "இன்னும் எத்தனை பேர் இருக்காங்க" என்று என்னைக் கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்காமல் கீழே ஓடுவாள். புதியதன் பக்கவாட்டில் ஒரு திருகி இருந்தது, பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை. பொருத்த வந்த மெக்கானிக் அதைப் பூஜ்யத்தில் விட்டுவிட்டு, இது பிரேக், சீக்கிரம் நிற்க வேண்டுமானால் திருகிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் முதலில் சோதனைக் குழாய்களை வைத்து ஒன்பதில் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றரை நிமிடத்தில் நின்றது. குழாய்களின் அடியில் சிவப்பு ஒட்டிவைத்தாற்போல் இறுகியிருந்தது, ஒரு துளி கலங்கவில்லை. அதன்பிறகு பைகளுக்கும் ஒன்பதையே வைத்துக்கொண்டாள். சீக்கிரம் முடிக்கிறாயே என்று நான் கேட்டதற்கு, "வேலை ஏழு நிமிஷத்துல முடிஞ்சிடுது சிஸ்டர். நிக்கிறது வேலையில்லையே," என்றாள். எனக்கும் சரியென்று பட்டது.

அடுத்த வாரத்திலிருந்து பைகள் சிவக்கத் தொடங்கின. எல்லாம் அல்ல. ஒருநாள் இரண்டு, மறுநாள் ஒன்று. மஞ்சளாக வர வேண்டியது ஆரஞ்சாக வந்தது. இரண்டு வாரத்தில் ஒன்பது பைகளை எரிக்க அனுப்பினோம். அது காய்ச்சல் பரவியிருந்த சமயம். மேலே வார்டில் பல் ஈறில் ரத்தம் கசியப் படுத்திருந்தவர்களுக்குப் பிளேட்லெட் வேண்டியிருந்தது. ஒவ்வொரு பைக்கும் ஒரு ஆளைப் படுக்க வைத்து, பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது என்று சொல்லி ஊசி போட்டவள் நான். அந்த ரத்தம் அடுப்புக்குப் போகிறது என்று அவர்களிடம் சொல்லவில்லை.

டாக்டர் முதலில் என் ஊசியைச் சந்தேகப்பட்டார். தப்பில்லை, நானும் சந்தேகப்பட்டேன். இரண்டு நாள் ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று பார்த்தேன், ஊசியில் குறையில்லை. பைகளை வேறு பெட்டியிலிருந்து எடுத்தோம். அதிலும் சிவந்தது. மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் கையடக்கமான ஒரு கருவியின் ஒளியை அடித்துச் சுற்றை எண்ணினார். ஆயிரத்தெண்ணூறு, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. தன் கைக்கடிகாரத்தை வைத்து நேரம் பார்த்தார், ஏழு நிமிடம். இயந்திரம் சுத்தம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் என்று அவளையும் கேட்டார்கள், அவளும் சரியாகவே சொன்னாள். எப்படி நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் மறைத்தாள் என்று சொல்லமாட்டேன். அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

ஆனால் அவள் வேறொன்றைச் சொன்னாள். டாக்டர் வேறு எதுதான் மாறியிருக்கும் என்று கேட்டபோது, "வண்டி அண்ணன் பையெல்லாம் குலுக்கிக்கிட்டு வர்றாரு டாக்டர்," என்றாள்.

வண்டி அண்ணனுக்கு ஐம்பது வயது. ஒரு கால் கொஞ்சம் குட்டை. ஒவ்வொரு அடிக்கும் தோள் சாயும், வண்டியும் கூடவே சாயும். சரிவுப் பாதையின் அடியில் ஓர் இரும்புப் பட்டை. அதில் வண்டி ஏறி இறங்கும்போது ஒரு சத்தம் வரும். ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள் அவர். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் வேறு ஆள். குலுக்கலில் சிவப்பு அணு உடைந்து சாயம் இறங்குகிறது என்று டாக்டர் முடிவு செய்தார். பைக்கடியில் பஞ்சு மெத்தை போட்டுப் பார்த்தார்கள். அதற்கு மறுநாளும் இரண்டு பை சிவந்தது. திங்கட்கிழமை முதல் வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கடிதம் போனது.

அவர் என்னிடம் வந்தார். தன்மேல் தப்பில்லை என்று வாதாட வரவில்லை. மேலே வார்டில் எங்கேயாவது வண்டி தள்ள இடமிருக்குமா என்று கேட்க வந்தார். வீட்டில் மூன்று பெண்கள், மூவரும் படிக்கிறார்கள். விசாரிக்கிறேன் என்றேன். விசாரித்தேன். இல்லை என்றார்கள்.

வியாழக்கிழமை மதியம். நான் விட்டுப்போன சீட்டுகளைக் கொடுக்கக் கீழே போயிருந்தேன். இயந்திரம் ஆறு பைகளோடு ஓடிக்கொண்டிருந்தது, ஏழு நிமிடம் முடிய இன்னும் சில நொடிகள். மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரில் விளக்கு மட்டும் வந்தது. இயந்திரத்துக்கு அந்த இணைப்பு இல்லை. மின்சாரம் இல்லையென்றால் பிரேக்கும் இல்லை. மூடி பூட்டியபடியே இருக்க, உள்ளே அச்சு தன்போக்கில் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் சுவருக்கும் சுவருக்கும் நடந்தாள். எட்டு அடி போனாள், எட்டு அடி வந்தாள். மூடியின் கண்ணாடி வட்டத்தில் மூக்கை வைத்துப் பார்த்தாள். "சனியன், நிக்குதா பாருங்க," என்றாள். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள், உட்கார்ந்த சூட்டோடு எழுந்தாள். பக்கத்தில் நிற்கிறவருக்கும் அது தொற்றிக்கொள்ளும். நான் கையிலிருந்த சீட்டுகளை இரண்டு முறை எண்ணினேன். வாளிகள் மெதுவாகத் தாழ்ந்து, தொங்கி, கடைசியில் அச்சு நின்றபோது மின்சாரமும் வந்தது. மூடியைத் திறந்தாள்.

முதல் பையில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே கத்தரியால் வெட்டினாற்போல் ஒரு கோடு. "நல்லா வந்திருக்கே," என்றேன். அவள் அதை மேசையில் வைத்தாள். இரண்டாவதை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். ஆறையும் அப்படியே பார்த்தாள். ஆறும் தெளிவு. ஆறும் அதே வண்டியில், அதே இரும்புப் பட்டையின் மேல், அதே மனிதர் தள்ளிக் கொண்டுவந்தவை. அவள் திரும்பிப் பக்கவாட்டுத் திருகியைப் பார்த்தாள். அவளுடைய இரண்டு குதிகாலும் தரையில் இருந்தன.

"சிஸ்டர், உங்க வாட்சக் கொஞ்சம் எடுங்க," என்றாள்.

தேதி கடந்துபோன பைகள் பத்துப் பன்னிரண்டு குளிர்பெட்டியின் அடித்தட்டில் இருந்தன, எரிக்கப் போக வேண்டியவை. அவற்றை வைத்து ஓட்டினாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை. பதினைந்து நொடிக்கு ஒருமுறை நான் "இப்ப" என்று சொல்ல வேண்டும், அவள் இயந்திரத்தின் முகப்பில் தெரிகிற சுற்று வேகத்தைப் பார்த்து எழுத வேண்டும். முதலில் பிரேக் ஒன்பதில். ஆயிரத்தெண்ணூறு, ஆயிரத்தைந்நூறு, ஆயிரத்திருநூறு, தொள்ளாயிரம், அறுநூறு, முந்நூறு, பூஜ்யம். பதினைந்து நொடிக்கு முந்நூறு, படி இறங்குவதுபோல. நின்றபோது வாளிகள் ஒரு குலுக்கலோடு தொங்கின. பையின் கோடு கலைந்து, சிவப்பு புகைபோல மேலே ஏறியிருந்தது.

பிறகு பூஜ்யத்தில். ஆயிரத்தெண்ணூறு, ஆயிரத்தெழுநூற்றைம்பது, ஆயிரத்தெழுநூற்றிரண்டு, ஆயிரத்தறுநூற்றைம்பத்தாறு. பதினைந்து நொடிக்கு ஐம்பதுக்கு மேல் இறங்கவில்லை. போகப் போக அதுவும் குறைந்தது. நாற்பத்து நான்கு இலக்கம் எழுதிய பிறகு நின்றது. கோடு அப்படியே இருந்தது.

இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துக்கொண்டு பேனாவால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுலயும் வேகம் ஆயிரத்தெண்ணூறுதான் சிஸ்டர். அதத்தான் எல்லாரும் அளந்தோம். அதுலேருந்து எறங்குற வேகம் வேற. அத ஒருத்தரும் அளக்கல."

எனக்கு அது என் வேலையிலிருந்து புரிந்தது. ரத்தம் கொடுத்தவர் படுத்திருக்கும்போதும் நன்றாக இருப்பார், நின்ற பிறகும் நன்றாக இருப்பார். படுக்கையிலிருந்து எவ்வளவு சீக்கிரம் நிற்கிறார் என்பதில்தான் மயக்கம் இருக்கிறது. பையிலும் அதுதான். ஆயிரத்தெண்ணூறில் ஒரே சீராகச் சுற்றும்போது உள்ளே எதுவும் கலங்குவதில்லை. வாளியைச் சட்டென்று பிடித்தால் வாளி நிற்கும். உள்ளே இருக்கிற நீருக்கு அது தெரியாது, அது போன திசையிலேயே போய்ச் சுவரில் மோதித் திரும்பும். அப்படியானால் சோதனைக் குழாய்கள் ஏன் கலங்கவில்லை என்று கேட்டேன். அதற்கும் அவளே விடை சொன்னாள். குழாய்களை ஓட்டுகிற வேகம் அதிகம்; சிவப்பு கல்லாக இறுகிவிடும். பிளேட்லெட்டுக்கு மெதுவாகத்தான் ஓட்டுவோம்; சிவப்பு சும்மா படிந்திருக்கும், ஓர் அதட்டலுக்கு எழுந்துகொள்ளும். இறுகினதை வைத்துச் சோதித்துவிட்டுப் படிந்ததற்கும் அதுதான் என்று நம்பிவிட்டாள்.

இதோடு அவளுக்குப் பொறுமை வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பதினொரு நிமிடத்தை அவள் ஒப்புக்கொள்ளவே இல்லை. மிச்சமிருந்த பைகளை எடுத்து, பிரேக்கை மூன்றில் வைத்து இறக்கி, பாதியில் பூஜ்யத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். எண்ணூறில் விட்டால் கோடு நின்றது. அறுநூறில் விட்டாலும் நின்றது. நானூறில் விட்டபோது கலங்கியது. வாளிகள் தாழத் தொடங்குகிற நேரத்தில்தான் பிரேக் ஆகாது என்று கண்டுபிடித்தாள். அறுநூறு வரை பிரேக், பிறகு கையை எடுத்துவிட வேண்டும். மொத்தம் ஆறரை நிமிடம். நாலரை நிமிடத்தைக் கைப்பற்றிவிட்டாள். அதற்கே தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை அறையைச் சுற்றி வந்தாள். அப்புறம் நின்றாள்.

"இனிமே செவக்காது. திருகிய மாத்தி வச்சா போதும்ல சிஸ்டர்? யாருக்கும் தெரிய வேண்டியதில்லல்ல?"

"திங்கக்கிழம வண்டிக்கு வேற ஆள் வந்துடுவாரு."

"அவருக்கு வேற எடத்துல குடுப்பாங்கல்ல?"

"கேட்டேன். இல்லன்னுட்டாங்க."

அவள் கோப்பு டாக்டரின் மேசையில் இருந்தது இருவருக்கும் தெரியும். நான் அவளிடம் சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கப்போவது என் மாமியார் இல்லை. அவள் மேசையிலிருந்த பேனாக்களை அடுக்கினாள். கலைத்தாள். பிறகு படியை நோக்கி ஓடினாள். என் முழங்காலுக்கு ஏற்ற வேகத்தில் நான் மேலே போய்ச் சேர்ந்தபோது டாக்டரிடம் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் கையில் அந்தத் தாள் இருந்தது.

டாக்டர் கத்தவில்லை. இலக்கங்களை மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டே போனார். வண்டிக்காரர்மேல் எழுதின கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அறுநூறில் விடுகிற முறையைச் சுவரில் எழுதி ஒட்டச் சொன்னார். பிறகுதான் மற்றதைச் சொன்னார். அழிந்த பைகளுக்குக் காரணம் எழுதியாக வேண்டும். காரணமாக ஒரு பெயர் வந்துவிட்டால் அந்த வருடம் அந்தப் பெயரைப் பரிந்துரைக்க முடியாது; விதி. "நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது," என்றார். பாராட்டாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கோப்பை எடுத்து அலமாரியில் வைத்தார்.

வண்டி அண்ணனை அவளே தேடிப்போனாள். சரிவுப் பாதையில் அவர் வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் வண்டியை நிறுத்தவில்லை. அவள்தான் பக்கத்திலேயே பின்னோக்கி நடந்து சொன்னாள். மேலே வந்ததும் அவர் நின்றார்.

"என் காலப் பாத்துத்தான் என்னச் சொன்ன?"

"ஆமாண்ணே."

அவர் வண்டியைத் திருப்பினார். "சரி, பைய ஏத்து," என்றார். அதற்கப்புறம் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பைகளை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து எண்ணிக்கை சொல்லிவிட்டுப் போவார்.

அன்று மாலை நானும் அவளோடு வீட்டுக்குப் போனேன். மாமியாருக்கு முதுகில் புண் வருகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அவள் வாசலிலேயே, ஒரு காலில் செருப்போடு நின்றபடி சொன்னாள். கணவரின் உள்ளங்கை தையல் சக்கரத்தின் மேல் இருந்தது, எடுக்கவில்லை. மாமியார்தான் பேசினார்.

"அந்த வண்டிக்காரருக்கு வேல இருக்கா?"

"இருக்கு அத்த."

"அப்ப விடு. நான் உக்காந்துக்கறேன். உனக்குத்தான் உக்கார வராது, எனக்கென்ன."

யாரும் சிரிக்கவில்லை. முதுகில் புண் இல்லை. தலையணையை இடம் மாற்றி வைத்துவிட்டு நான் கிளம்பினேன். அவள் கீழ்வரை கூட வந்தாள். இரண்டு படி முன்னால் இறங்குவாள், நிற்பாள், நான் வந்ததும் மறுபடி இரண்டு படி.

"சொல்லாம இருந்திருந்தா ஆபரேஷன் நடந்திருக்கும்ல?"

"நடந்திருக்கும்," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று அவள் எதிர்பார்த்தது தெரிந்தது. நான் அடுத்த படியில் காலை வைத்தேன்.

பதினான்கு மாதம் கழித்து அவளை நிரந்தரமாக்கி உத்தரவு வந்தது. மாமியாரை அழைத்து வந்து அறுவைக்கு முன்னால் செய்கிற சோதனைகளைச் செய்தார்கள். இதயம் பலவீனம், மயக்க மருந்தைத் தாங்காது என்றார்கள். போன வருடமே வந்திருந்தால் தாங்கியிருக்குமா என்று அவள் கேட்டாள். தாங்கியிருக்கலாம் என்றார் மயக்க மருந்து டாக்டர். அவர் பொய் சொல்லியிருந்தால் நான் குறுக்கே பேசியிருக்கமாட்டேன். அவர் சொல்லவில்லை. அவள் அதன்பிறகு அதைப் பற்றி யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. இரண்டு நாள் கீழறையில் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்தாள். மூன்றாம் நாள் வண்டி அண்ணன் அவளைப் பிடித்து நிறுத்தி, அவள் கையில் டீயைக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்றார்.

அறுவைக்குப் பதிலாக ஒரு சக்கர நாற்காலி கிடைத்தது. அதற்காக அதே கட்டடத்தின் தரைத்தளத்துக்கு வீடு மாறினார்கள். சாயங்காலம் வேலையிலிருந்து வந்த கையோடு மாமியாரை உட்கார வைத்துத் தெருவில் தள்ளிக்கொண்டு போவாள். நடப்பது என்பது அவளுக்கு ஏது, பாதி ஓட்டம்தான். பார்க்கிறவர்கள் ஒதுங்குவார்கள். அப்படி வேண்டாம், வயதானவர் பயந்துபோவார் என்று முதல் நாள் நான் கண்டித்தேன்.

மாமியார் என்னைக் கையால் விலக்கினார். "நீங்க சும்மா இருங்க சிஸ்டர். வேகமாப் போகட்டும், காத்து நல்லா வருது. நிறுத்துறப்ப மட்டும் பாத்து நிறுத்தச் சொல்லுங்க, இடுப்புல உயிர் போகுது."

அவள் தெருமுனைக்கு முப்பது அடி முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்கினாள். முகம் கோணிக்கொண்டது, விரல்கள் நாற்காலியின் பிடியில் தட்டிக்கொண்டே இருந்தன. மாமியார் திரும்பிப் பார்க்காமல், "இன்னும் மெதுவா," என்றார்.